சிகாமணியின் காலுக்கு வந்த எறும்புகள்

ஐப்பசி மழை விட்டு வெயில் திரும்பிய வாரத்தில், ஆலாம்பாறையில் பொய் சொல்கிறவர்களின் காலைத் தேடி எறும்பு வரத் தொடங்கியது. முதல் வரிசை வந்தது மனமகிழ் மன்றத்துச் சீட்டு மேசைக்கு அடியில், அரிசிக்கடை சென்னியப்பனின் வலது கால் பெருவிரலுக்கு. கையில் ஒன்றுக்கும் உதவாத இரண்டு சீட்டை வைத்துக்கொண்டு, ராஜா ஜோடி வந்தவரைப் போல மீசையைத் தடவிக்கொண்டு, தன் முன்னால் குவித்திருந்த புளியங்கொட்டைகள் அத்தனையையும் அவர் மேசை நடுவில் தள்ளிய அதே நேரத்தில், சுவர் விரிசலிலிருந்து பிள்ளையார் எறும்பு ஒன்று தலையை நீட்டி, அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் இன்னும் ஒன்று என்று கோடு கிழித்த மாதிரி வந்து, அவர் விரலைச் சுற்றி நின்றன. கடிக்கவில்லை, சும்மா நின்றன. மேசையில் இருந்தவர்கள் குனிந்து பார்த்தார்கள், நிமிர்ந்து சென்னியப்பனைப் பார்த்தார்கள், "டூப்பு" என்று சொல்லிவிட்டு எதிர்க்கொட்டை வைத்தார்கள். சென்னியப்பன் அன்று எல்லோருக்கும் பன் பட்டர் வாங்கித் தந்தார்.

மன்றத்தில் ஆடுவது போக்கர். கப்பலில் சமையல்காரராக இருந்து ஊர் திரும்பிய நாச்சிமுத்து, ரம்மி ஆடிச் சலித்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஆட்டம். இரண்டு சீட்டு கையில், ஐந்து சீட்டு மேசையில் எல்லோருக்கும் பொதுவாக. நல்ல சீட்டு வந்தவனும் பந்தயத்தை ஏற்றலாம், வராதவன் வந்த மாதிரியும் ஏற்றலாம், எதிராளி பயந்து சீட்டைப் போட்டுவிட்டால் கொட்டை நமக்கு. "சீட்டப் பாத்து ஆடாதீங்க, ஆளப் பாத்து ஆடுங்க" என்பது நாச்சிமுத்துவின் மந்திரம். இனி ஆளைக்கூடப் பார்க்க வேண்டாம், காலைப் பார்த்தால் போதும் என்று ஆகிவிட்டது.

எறும்பு மன்றத்தோடு நிற்கவில்லை. பெண் பார்க்க வந்த வீட்டார் காப்பியை ஆற்றிக்கொண்டே தரையைப் பார்த்தார்கள், பையன் சிகரெட்டைத் தொட்டதே இல்லை என்று அவனுடைய அம்மா சொன்னபோது எல்லோரும் மரியாதையாகக் கூரையைப் பார்த்தார்கள். வார்டு கவுன்சிலர் பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் நிரப்பி அதில் நின்றுகொண்டு பேசினார், கூட்டமும் கைதட்டியது, ஆனால் ஷூ போட்டவனையும் தண்ணீரில் நின்றவனையும் அதற்குப் பிறகு யாரும் நம்பவில்லை. எறும்புச் சாக்கட்டியால் காலைச் சுற்றி வட்டம் போடக் கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் தீர்மானம் போட்டார்கள். சின்னப் பொய்க்குப் பிள்ளையார் எறும்பு வந்தது, பெரிய பொய்க்குக் கட்டெறும்பு வந்தது, கல்யாணத் தரகர்கள் வேறு தொழில் தேடினார்கள். வீட்டுக்கு வந்தவர் "இப்பத்தானுங்க சாப்புட்டேன்" என்று சொல்லி, காலடியில் கறுப்பாக ஒரு கோடு வந்து சேர்ந்தால், வீட்டுக்காரி தட்டு எடுத்து வைத்தாள். பசியை மறைக்க முடியாத ஊரில் அந்த வருடம் நிறையச் சோறு வடிக்கப்பட்டது. டாக்டர் சபரிநாதன் மட்டும்தான் கஷ்டப்பட்டார். அவர் வாய் திறந்தாலே நோயாளிகள் அவர் மேசைக்கு அடியில் பார்த்தார்கள். அதனால் அவர் "சரியாப் போயிடும்" என்று சொல்வதையே விட்டுவிட்டு, "மாத்திரையைச் சாப்பிடுங்க" என்று மட்டும் சொல்லப் பழகினார், ஏனென்றால் சாப்பிடுங்க என்பதில் பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை.

ஊரில் எறும்பால் ஒருத்தி முழுக்க சந்தோஷப்பட்டாள் என்றால் அது வசந்தாமணிதான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அவள் அரளாமலே அப்படிப்பட்டவள். பாலை நகத்தில் சொட்டவிட்டுப் பார்ப்பாள், தராசைத் தூக்கி அடியில் பார்ப்பாள், சாமி பிரசாதத்தைக்கூட முகர்ந்துவிட்டுத்தான் வாயில் போடுவாள். புருஷன் சிகாமணி கோழிப்பண்ணைக்குப் போனால் உண்மையில் பண்ணைக்குத்தான் போனாரா, மன்றத்துக்குப் போனால் உண்மையில் மன்றத்துக்குத்தான் போனாரா என்று கல்யாணமான நாள் முதல் உள்ளுக்குள் ஒரு எலி சுரண்டிக்கொண்டே இருந்தது. அவர் ஒரு தப்பும் செய்து அவள் பார்த்ததில்லை. பார்க்காததனால்தான் சந்தேகம் தீரவில்லை.

எறும்பு வந்த பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் அவர் வீட்டுக்குள் நுழைந்ததும், "ஏனுங் மாமா, எங்க போயிருந்தீங்க?" என்று கேட்பாள். "பண்ணைக்குத்தான் புள்ள. பொறகு மன்றம்" என்பார். அவள் அவர் காலைப் பார்ப்பாள். கோழி எச்சமும் மண்ணும் ஒட்டிய, வெடிப்பு விழுந்த, எறும்பே இல்லாத கால். அதைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோகும். இத்தனை வருடம் ஒரு நல்ல மனுஷனோடுதான் குடித்தனம் நடத்தியிருக்கிறோம் என்று தெரிந்த பெண் எப்படிச் சிரிப்பாளோ அப்படிச் சிரித்துக்கொண்டு தோசை ஊற்றினாள். கறிவேப்பிலை வாங்கும்போது கட்டைப் பிரித்துப் பார்ப்பதைக்கூட நிறுத்திவிட்டாள்.

ஆனால் சிகாமணி மன்றத்தில் தோற்றுக்கொண்டிருந்தார். டூப்பு விட்டால் எறும்பு வந்தது, எல்லோரும் எதிர்க்கொட்டை வைத்தார்கள். டூப்பை விட்டுவிட்டு நல்ல சீட்டுக்கு மட்டும் ஏற்றினார், எறும்பு வரவில்லை, எல்லோரும் சீட்டைக் கவிழ்த்துவிட்டு எழுந்து பீடி பற்றவைத்தார்கள். தோற்கிற ஆட்களில் இரண்டு ரகம் உண்டு, விதி என்று விட்டுவிடுகிறவன் ஒரு ரகம், கணக்கு எங்கே இடிக்கிறது என்று பார்க்கிறவன் இன்னொரு ரகம். சிகாமணி இரண்டாவது. கோழித்தீவனம் கலக்க அவரிடம் ஒரு லேப்டாப் இருந்தது. மக்காச்சோளம் எத்தனை பங்கு, சோயாப் புண்ணாக்கு எத்தனை பங்கு, கருவாட்டுத்தூள் எத்தனை பங்கு என்று அது சொன்னால் அப்படியே கலப்பார், கோழியும் முட்டை போடும். அதே லேப்டாப்பில் போக்கருக்குக் கணக்குப் போட்டுச் சொல்லும் சால்வர் என்ற மென்பொருள் ஒன்றை ஏற்றிக்கொண்டு வந்து, கூடத்தில் உட்கார்ந்து, நம் சீட்டு இது, எதிராளி இப்படி, மேசை இப்படி என்று அதற்கு ஊட்ட ஆரம்பித்தார். அது பச்சையும் சிவப்புமாகக் கட்டங்கள் காட்டியது.

"அது என்னங் மாமா சொல்லுது?" என்று வசந்தாமணி கேட்டாள், வெங்காயம் உரித்துக்கொண்டே.

"தீவனக் கலவ மாதிரித்தான் புள்ள. நல்ல சீட்டுக்கு இத்தன பங்கு ஏத்து, சொத்தச் சீட்டுக்கு இத்தன பங்கு ஏத்துன்னு கலந்து குடுக்குது. அந்தக் கலவையில ஆடினா எதிராளி எவனா இருந்தாலும் நம்மள அசைக்க முடியாது. நம்மள நம்புனாலும் அவனுக்கு ஒன்னுதான், நம்பாட்டியும் ஒன்னுதான்."

"வேற மாதிரி ஆட முடியாதா?"

"முடியும். நாச்சிமுத்து ஆடற மாதிரி. எதிராளி எங்க தப்புப் பண்றான்னு பாத்து, அங்கயே போட்டுச் சாத்தறது. அதுல வெள்ளாம எச்சாத்தான். ஆனா அவன் தப்பத் தேடிப் போறப்ப நம்ம பட்டி தொறந்து கெடக்கும்." அவர் லேப்டாப்பைத் தட்டிக் காட்டினார். "எனக்குப் பட்டி பத்திரம்."

எறும்பையும் அவர் சால்வருக்கு ஊட்டினார். அது சொன்ன பதில் எளிமையானது: பொய்க்கு மட்டும் எறும்பு வந்தால்தானே காட்டிக்கொடுக்கும், மெய்க்கும் கொஞ்சம் எறும்பு வரட்டும். அன்று முதல் சிகாமணி நாட்டுச்சர்க்கரை கரைத்த தண்ணீரை ஒரு சின்னப் பாட்டிலில் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நல்ல சீட்டு வந்தால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். நொடிமுள் மேல் பாதியில் இருந்தால் ஒன்றும் செய்வதில்லை, கீழே ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தாண்டியிருந்தால் மேசைக்கு அடியில் காலில் இரண்டு சொட்டு விடுவார். எறும்பு வரும். டூப்பு என்று நினைத்து எல்லோரும் எதிர்க்கொட்டை வைப்பார்கள். அவர் ராஜா ஜோடியைத் திருப்பிக் காட்டுவார். தானே முடிவு செய்தால் தன்னையறியாமல் ஒரு பழக்கம் வந்துவிடும், பழக்கம் வந்தால் எவனாவது கண்டுபிடிப்பான், அதனால் முடிவை முள்ளிடம் விட்டுவிட வேண்டும் என்பது சால்வர் படித்தவர்களின் சாஸ்திரம். பொங்கலுக்குள் மன்றத்துப் புளியங்கொட்டையெல்லாம் அவர் பக்கம் வந்து சேர்ந்தது.

ஒரு நாள் மத்தியானம் வசந்தாமணி, "கத்திரிக்காய்க் கொழம்பு நல்லாருக்குதுங்களா?" என்று கேட்டாள். சிகாமணி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "அருமையா இருக்குது புள்ள" என்றார். அவர் காலுக்கு எறும்பு வந்தது.

அவள் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். "நல்லா இல்லீன்னா இல்லீன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"நெசமாவே நல்லாருக்குது. இது சர்க்கர."

"ஊட்டுக்குள்ள எதுக்குச் சர்க்கர?"

"மன்றத்துல ஒரு மாதிரி, ஊட்டுல ஒரு மாதிரி இருந்தா கை தடுமாறிப் போயிரும். கலவ ஒன்னாத்தான் இருக்கோணும்." இதைச் சொல்வதற்கு முன்னும் அவர் கடிகாரத்தைப் பார்த்த மாதிரி அவளுக்குத் தோன்றியது. அவளுக்குள் எலி மறுபடியும் சுரண்ட ஆரம்பித்தது.

ஊரும் சும்மா இருக்கவில்லை. சென்னியப்பன் முதலில் மோப்பம் பிடித்தார், பிறகு நாச்சிமுத்து தவிர மன்றம் முழுக்கச் சர்க்கரைத் தண்ணீருக்கு மாறியது, மன்றத்திலிருந்து டீக்கடைக்கும் டீக்கடையிலிருந்து பால் சொசைட்டிக்கும் அங்கிருந்து வீடுகளுக்கும் அது வழிந்து போனது. மெய் சொல்கிறவர்களும் காலில் இனிப்பைத் தடவிக்கொண்டு மெய் சொன்னார்கள். ஆலாம்பாறையின் எறும்புகள் பாவம், ராத்திரி பகல் பார்க்காமல் மெய்க்கும் பொய்க்கும் மாறி மாறி நடந்து இளைத்துப் போயின. கவுன்சிலர் டப்பிலிருந்து இறங்கினார். கல்யாணத் தரகர்கள் திரும்பி வந்தார்கள். "இப்பத்தான் சாப்புட்டேன்" என்று சொன்னவர் காலில் எறும்பைப் பார்த்தாலும் இப்போது யாரும் தட்டு வைக்கவில்லை, சர்க்கரையாக இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். ஊர் இதையும் பழகிக்கொண்டது, எதற்குத்தான் பழகாது இந்த ஊர். வசந்தாமணி மட்டும் கறிவேப்பிலைக் கட்டைப் பிரித்துப் பார்க்கிற பழைய வழக்கத்துக்குத் திரும்பினாள்.

மாசி மாதத்தில் அவள் கழுத்தின் இடது பக்கம் ஒரு கட்டி தென்பட்டது. சுண்டைக்காய் அளவுதான். டாக்டர் சபரிநாதன் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஊசியால் கொஞ்சம் எடுத்துக் கோயமுத்தூருக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று, "நீங்க கொஞ்சம் வெளியில உட்காருங்கம்மா, வீட்டுக்காரரை வரச் சொல்லுங்க" என்றார். நம் ஊர்களில் எந்த டாக்டரும் அப்படித்தான் சொல்வார். உடம்பு அவளுடையது, செய்தி புருஷனுக்கு. கதவு சாத்தியிருந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மருந்துக் காலண்டரில் இருந்த முருகனைப் பார்த்தபடி இருந்தாள், முருகன் மேல்கூட அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

வண்டியில் வரும்போது கேட்டாள். "என்ன சொன்னாருங்?"

சிகாமணி வண்டியை ஓரமாக நிறுத்தினார், கடிகாரத்தைப் பார்த்தார். "ஒன்னுமில்லியாம். சாதாரணக் கட்டிதானாம்."

அவள் குனிந்து அவர் செருப்பைப் பார்த்தாள். எறும்பு வந்திருந்தது. இடது கால் முழுக்க வந்திருந்தது. சர்க்கரையா, பொய்யா? கடிகாரம் பார்த்துச் சொன்ன மெய்யா, கடிகாரம் பார்த்துச் சொன்ன பொய்யா? அவர் முகத்தைப் பார்த்தாள். மன்றத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து அந்த முகம் கழுவி வைத்த தட்டு மாதிரி ஆகியிருந்தது. அப்போது அவளுக்குக் கட்டி மேல் வந்த பயத்தைவிடப் புருஷன் மேல் வந்த ஆத்திரம் அதிகம். சாகப் போகிறோமா இல்லையா என்பதைக் கட்டிக்கொண்டவனிடம்கூடக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியவில்லையே என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவர் பண்ணைக்குப் போன பிறகு அவள் கூடத்தில் லேப்டாப்பைத் திறந்தாள். அவர் ஊட்டுவதைப் பல நாள் பார்த்தவள், பி.காம். படித்தவளும்கூட. எதிராளி ஒருத்தர். அவர் ஒரு வார்த்தை சொல்கிறார். எறும்பு வந்திருக்கிறது. இன்ன பங்கு பொய், இன்ன பங்கு சர்க்கரை. நான் நம்பலாம், இல்லை நம்பாமல் இருக்கலாம். சால்வர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு இரண்டு கட்டங்களைக் காட்டியது. பச்சையும் சிவப்பும் ஒரே உயரம். நம்பினாலும் ஒன்றுதான், நம்பாவிட்டாலும் ஒன்றுதான், உன் இஷ்டம்.

"போ சனியனே" என்றாள் அதைப் பார்த்து.

பிறகு நாச்சிமுத்து வழியைத் திறந்தாள். அதற்குச் சால்வர் ஒரு கேள்வி கேட்டது: எதிராளி எங்கே தப்புப் பண்ணுகிறார் என்று நீ சொல், அங்கே எப்படிச் சாத்துவது என்று நான் சொல்கிறேன். வசந்தாமணி யோசித்தாள். நாய்க்குட்டி செத்தால் நாலு நாள் சோறு தின்னமாட்டார். ஊசி போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தன் மாமியார், அதாவது அவருடைய அம்மா, செத்த அன்று பந்தலில் அத்தனை பேருக்கும் காப்பி கொடுத்துக்கொண்டே இருந்தார், அழவே இல்லை, எல்லோரும் போன பிறகு அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டு கிடந்தார். இதையெல்லாம் எழுத அந்தத் திரையில் கட்டம் எதுவும் இல்லை.

முட்டை வாங்க வந்த நாச்சிமுத்துவிடம் கேட்டாள். "ஏனுங்ணா, கலவ போட்டு ஆடறவங்ககிட்ட நீங்க எப்படி ஆடுவீங்க?"

"நான் ஆடறதே இல்லீங் அம்மிணி, எந்திரிச்சு வந்துருவேன்" என்றார் நாச்சிமுத்து. முட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "ஆனா கையில என்ன வெச்சிருக்கான்னு பாத்தே ஆகோணும்னா ஒரே வழிதான். நம்ம கொட்ட பூராத்தையும் நடுவுல தள்ளோணும். நாம கொட்ட போடாம எவனும் சீட்டக் காட்டமாட்டான். பாத்த பொறகு வெசனப்படக் கூடாது."

அவர் போன பிறகும் அவள் வாசலிலேயே நின்றாள். கேட்காமல் விட்டுவிட்டால் ஒன்றும் குறையப்போவதில்லை. சாதாரணக் கட்டி என்று பாதி நம்பிக்கொண்டு, பாதி நம்பாமல், பட்டியைச் சாத்திக்கொண்டு இருந்துவிடலாம். ஊரே அப்படித்தான் இருக்கிறது. கேட்டால், தெரிந்துவிடும். தெரிந்ததைத் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆனாலும் கொல்லைக்குப் போய்க் குடத்தில் தண்ணீர் சேந்தினாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்த் துவைக்கிற கல்லின் மேல் உட்காரவைத்தாள். சட்டைப்பையிலிருந்த பாட்டிலை எடுத்துச் சாக்கடையில் கவிழ்த்தாள். கடிகாரத்தைக் கழற்றி வேலிக்கம்பில் மாட்டினாள். அரப்புத்தூளைக் குழைத்து அவர் கால் இரண்டையும் தேய்த்தாள். வெடிப்புக்குள், நக இடுக்கில், கணுக்காலுக்குப் பின்னால், பல மாதச் சர்க்கரை பிசுபிசுவென்று கரைந்து போகும் வரை தேய்த்து, குடம் குடமாக ஊற்றி, கல்லையும் கழுவி, தன் முந்தானையால் காலைத் துடைத்தாள். வெயிலில் கால் காய்ந்தது. எறும்பு ஒன்றுகூட இல்லை.

"இப்பச் சொல்லுங் மாமா. டாக்டர் என்ன சொன்னாரு?"

சிகாமணி இடது மணிக்கட்டைப் பார்த்தார். அங்கே வெயில் படாத வெளுத்த பட்டை மட்டும் இருந்தது. கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்த முகத்தில் ஒவ்வொன்றாக ஏதோ திரும்பி வந்துகொண்டிருந்தது. அவளுக்குத் திடீரென்று, வேண்டாம், சொல்லாதீங்க என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை.

"ஒன்னுமில்ல புள்ள" என்றார் அவர். "சாதாரணக் கட்டிதான்." சொல்லிவிட்டு, காலை உள்ளே இழுத்துக்கொள்ளாமல், வெயில் படுகிற இடத்தில், அவளுக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி ஊன்றி வைத்துக்கொண்டார்.

வேலியோரப் புற்றிலிருந்து கட்டெறும்புகள் வந்தன. ஈரத்தைச் சுற்றிக்கொண்டு, அவசரப்படாமல், ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவர் காலில் ஏறின. வாயால் சொல்ல முடியாததை அவர் எறும்பிடம் சொல்லி அனுப்புகிறார் என்று வசந்தாமணிக்குப் புரிந்தது. இது கலவை இல்லை. இது அவளுக்கென்று, அவளுக்கு மட்டும், தெரிந்தே சொன்ன பொய். எறும்பு கடித்தது, அவர் காலை எடுக்கவில்லை, அழுதார்.

இந்த மனுஷனை இனி ஒருநாளும் சந்தேகப்பட வேண்டியதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அது தெரிந்த நாளும் இதுவாகவா இருக்க வேண்டும் என்று நினைத்தாள். எறும்புகளைக் கையால் ஒதுக்கிவிட்டாள், அவை கை மேலும் ஏறின.

"எனக்கு ஒன்னும் பயமில்லீங் மாமா" என்றாள்.

எறும்பு வரிசை நடுவில் நின்றது. பிறகு இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி அவள் காலை நோக்கித் திரும்பியது. சிகாமணி அதைப் பார்த்தார், முகத்தைத் துடைத்துக்கொண்டார், கல்லில் கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்.